நடுவழியில் நிற்கும் கோப்புக்கு யார் பொறுப்பு?

“திங்கட்கிழமை முதல் ஷிஃப்டிலிருந்து எல்லாமே புது முறைதான்.” அம்பத்தூர் எஸ்டேட்டில் ஈஆர்பி மென்பொருள் மாற்றுகிற ஆலைகளில் இதைச் சொல்கிறார்கள். அந்த மென்பொருளை எழுதித் தருகிற அலுவலகங்களிலும் சொல்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லி அரசு அலுவலகங்களில் கோப்பு நகரும் வழி மாறும்போதும் இதே பேச்சுதான். ஒரு வேலை எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், எது முடிந்தபின் எது தொடங்க வேண்டும் என்பதை வரைபடமாக்கிக் கணினியில் ஓட்டுவதுதான் ஒர்க்ஃப்ளோ. அந்த வரைபடம் மாறினால் பாதி வழியில் நிற்கும் வேலைகளும் ஞாயிற்றுக்கிழமை இரவோடு இரவாகப் புது வரைபடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. தொழிற்கூடத்தில் பணத்தையும், அரசு அலுவலகத்தில் மனிதர்களின் உரிமையையும் தின்கிற தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன். பழைய முறையில் குறை இருந்ததால்தான் மாற்றினோம். குறை என்று தெரிந்த வழியில் இன்னும் நூறு வேலைகளை அனுப்புவது என்ன நியாயம்? இரண்டு முறைகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஊழியர்கள் குழம்புவார்கள். மென்பொருளைப் பராமரிக்கும் செலவு ஏறும். தணிக்கைக்கு வருகிறவர் எந்த விதிப்படி பார்ப்பது என்று கேட்பார். ஒரே கவுண்டரில் அடுத்தடுத்து நிற்கிற இருவருக்கு இரண்டு விதி என்பது பாரபட்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய முறைக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் அது போகவே போகாது. மூன்று வருடம் கழித்தும் “இது பழைய கேஸ் சார்” என்று ஒருவர் வந்து நிற்பார். இவற்றைச் சொல்கிறவர்கள் அனுபவசாலிகள், பட்டுத் தெரிந்துகொண்டு பேசுகிறவர்கள். ஆனாலும் இந்த வாதங்கள் நிற்காது.

1. வரைபடம் மாறினால் வேலை மாறிவிடுமா?

வரைபடம் ஒன்று, அதன்படி ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் நூற்றுக்கணக்கானவை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாதாரண ஜாப் ஒர்க் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். கடைசல் முடிந்த உதிரிபாகங்களை ஸ்டோர்ஸில் எண்ணி, டெலிவரி சலான் போட்டு, கேட் பாஸ் வாங்கி, நாலு தெரு தள்ளியிருக்கும் பிளேட்டிங் கடைக்கு அனுப்புகிறார்கள். முலாம் பூசி வருவதற்குச் சில நாள், சில சமயம் சில வாரம். வந்ததும் இன்வர்ட் பதிவு, தரச் சோதனை, ரேட் ஒப்புதல், சரக்கைப் பெற்றதற்கான ஜிஆர்என் பதிவு, பிறகு பில். ஒரு சலான் பிறந்து முடிய ஒரு மாதம் ஆனாலும் வியப்பதற்கில்லை. ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் திரும்பி வர ஜிஎஸ்டி சட்டமே ஒரு வருடம் தருகிறது.

அப்படியானால் எந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாலும் ஆலைக்கு வெளியே சரக்கு கிடக்கும். பழைய சலானோடு போன பெட்டி, பழைய சலானோடுதான் திரும்பி வரும். திங்கட்கிழமை காலை அந்தப் பெட்டி கேட்டுக்கு வருகிறது. புது இன்வர்ட் திரையோ முலாமின் தரக்குறிப்பு எண்ணைக் கேட்கிறது. அந்த எண் பழைய சலானில் இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் சலான் போட்ட அன்று அப்படி ஒரு கேள்வியே கிடையாது. டெம்போக்காரர் வெளியே ஹாரன் அடிக்கிறார். ஸ்டோர்ஸ் பையன் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த திரைக்குப் போகிறான். இப்படிப் புள்ளி வைத்த பதிவுகளை நான் ஒரு நிறுவனத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். கணினி அவற்றை “புது முறைப்படி முடிந்தவை” என்று கணக்குக் காட்டியது. மேலாளர் கூட்டத்தில் அந்த எண்ணிக்கைதான் வெற்றியாகத் திரையில் ஓடியது. அந்தப் பையன்மீது எனக்குக் குறை கிடையாது. பதில் இல்லாத கேள்வியை அவனிடம் கேட்டவர்கள்மீதுதான் குறை.

2. நடுவில் நிற்கும் வேலைக்குப் புது வரைபடத்தில் இடம் எங்கே?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோரின் பதில், “அதே படியில் கொண்டுபோய் வைத்துவிடலாம்.” அதே படி புதிதில் இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால்?

மேலே சொன்ன ஜாப் ஒர்க்கையே எடுத்துக்கொள்வோம். பழைய வரைபடத்தில் சரக்கு உள்ளே வந்ததும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கும்: தரத்துறை முலாமின் தடிமனைச் சோதிக்கும், கொள்முதல் துறை ரேட்டுக்கு ஒப்புதல் தரும். இரண்டும் முடிந்தால் ஜிஆர்என். இதில் ஒரு ஓட்டை இருந்தது. சோதனையில் தள்ளுபடியான உருப்படிகளுக்கும் ரேட் ஒப்புதல் போய்விட்டிருக்கும். எனவே நிர்வாகம் மாற்றுகிறது: முதலில் சோதனை, தேறியதற்கு மட்டும் பிறகு ரேட் ஒப்புதல். மிகச் சரியான மாற்றம். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு. நடுவழியில் நிற்கும் சலான்கள் நான்கு வகை. இரண்டும் தொடங்காதவை, சோதனை மட்டும் முடிந்தவை, இரண்டும் முடிந்தவை, ரேட் ஒப்புதல் மட்டும் முடிந்து சோதனை நிலுவையில் உள்ளவை. முதல் மூன்று வகைக்கும் புது வரைபடத்தில் இடம் கண்டுபிடித்துவிடலாம். நான்காவது வகைக்கு இடமே இல்லை. ஏனென்றால் புது முறையில் சோதனை முடியாமல் ரேட் ஒப்புதல் நடக்கவே முடியாது. சோதனைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால், சோதனை முடிந்ததும் கணினி இரண்டாவது முறை ரேட் ஒப்புதல் கேட்கும்; ஒரே வேலைக்கு இரண்டு ஒப்புதல், விழிப்பாக இல்லாவிட்டால் இரண்டு பில். ஒப்புதல்தான் ஆகிவிட்டதே என்று கடைசியில் கொண்டுபோய் வைத்தால், சோதிக்காத சரக்கு அசெம்பிளிக்குப் போகும். மூன்றாவதாக ஓர் இடம் கிடையாது. எவ்வளவு கெட்டிக்கார புரோகிராமரும் இதை ஸ்கிரிப்ட் எழுதிச் சரிசெய்ய முடியாது. குறை நிரலில் இல்லை, மாற்றத்தின் வடிவத்திலேயே இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலும் இல்லை. எல்லிஸ், கெத்தாரா, ரோசன்பர்க் ஆகிய மூவரும் 1995இலேயே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட், ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ரைஷர்ட்டும் தாதமும் என்று பலர் அதன்மேல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் சோதனை எளிமையானது: இந்த வேலை இதுவரை நடந்த படிகளை, நடந்த அதே வரிசையில், புது வரைபடத்தின்படியும் செய்திருக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக மாற்றுங்கள். முடியாது என்றால் அது பழைய வழியிலேயே முடியட்டும், அல்லது ஒரு மனிதர் உட்கார்ந்து அதற்கென்று தனியே முடிவெடுக்கட்டும். கண்டிப்பாகப் பார்த்தால், இரண்டும் முடிந்த சலான்களிலும் ரேட் ஒப்புதல் முந்திக்கொண்டவை இந்தச் சோதனையில் தோற்கும். அவற்றால் தீங்கில்லை என்பதை ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்றைக் கேள்விப்படாதவர்கள் போல ஒவ்வோர் ஆலையிலும் முதலிலிருந்து அடிபட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இன்று சந்தையில் உள்ள நல்ல ஒர்க்ஃப்ளோ இயந்திரங்கள் பல, புதுப் பதிப்பை ஏற்றினாலும் ஓடும் வேலையைப் பழைய பதிப்பிலேயே விட்டுவைக்கின்றன. மாற்ற வேண்டுமானால் தனியே சொல்ல வேண்டும். கருவியைச் செய்தவர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள். அதை வாங்கிப் போடுகிற நாம்தான் “எல்லாவற்றையும் மாற்று” என்ற பொத்தானைத் தேடுகிறோம்.

3. பெயர் அதேதான், பொருளும் அதேதானா?

“ஸ்டேட்டஸ் 40” என்றால் நேற்றுவரை சோதனை முடிந்தது; நாளை முதல் ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று. புது எண் உருவாக்கச் சோம்பல்பட்டு, பயன்படாத பழைய எண்ணைப் புதிய பொருளுக்கு எடுத்துக்கொள்வது நம் ஊரில் தினமும் நடக்கிறது. அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று இதைத்தான் செய்தது. பழைய செயலுக்கு இருந்த ஒரு குறியைப் புதிய செயலுக்குக் கொடுத்தார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் பழைய நிரல் அப்படியே இருந்துவிட்டது. அந்த ஒரு சர்வர் புதிய ஆணைகளைப் பழைய பொருளில் புரிந்துகொண்டு பங்குகளை வாங்கித் தள்ளியது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று. ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த எட்டாவது சர்வரை நினைத்துப் பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் அந்த எட்டாவது சர்வர், கோ-லைவுக்கு, அதாவது புது முறை ஓடத் தொடங்கும் நாளுக்கு, பிறகும் பழைய எக்செல் கோப்பை வைத்துக்கொண்டு “40 என்றால் ஓகே” என்று சரக்கை விடுகிற லைன் சூப்பர்வைசராகவும் இருக்கலாம்.

4. எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதானே சமத்துவம்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டின் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் ஆக்டின் 6ஆம் பிரிவு, ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும் அதன்கீழ் ஏற்கெனவே கிடைத்த உரிமையும், தொடங்கிவிட்ட நடவடிக்கையும், வேறு நோக்கம் தெரியாதவரை, அதனால் பாதிக்கப்படாது என்கிறது. கணினியோ ஒர்க்ஃப்ளோவோ இல்லாத காலத்தில், நடுவழியில் நிற்கும் கோப்பைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

அண்மைய எடுத்துக்காட்டு நம் பகுதியிலேயே இருக்கிறது. சென்னை மாநகரக் காவல் மூன்றாகப் பிரிந்து, 2022 ஜனவரி 1 முதல் ஆவடி ஆணையரகம் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பின் 2024 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் குற்றவியல் சட்டங்களே மாறின. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஒரு காவல் நிலைய எழுத்தருக்கு இதைவிடப் பெரிய செயல்முறை மாற்றம் இருக்க முடியாது. திங்கட்கிழமை வாதத்தை இங்கே பொருத்தினால் ஜூலை 1 காலையில் நிலுவை வழக்கெல்லாம் புதுச் சட்டத்துக்கு மாறியிருக்க வேண்டும். (அன்று உண்மையிலேயே திங்கட்கிழமைதான்.) மாறவில்லை. புது நடைமுறைச் சட்டத்தின் 531ஆம் பிரிவு, அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணை, புலனாய்வு, மேல்முறையீடு எல்லாம் பழைய நடைமுறைப்படியே முடிய வேண்டும் என்றது. குற்றம் எது, தண்டனை எவ்வளவு என்பதைக் குற்றம் நடந்த தேதி தீர்மானிக்கிறது. புலனாய்வும் விசாரணையும் எப்படி நடக்க வேண்டும் என்பதை அவை எப்போது தொடங்கின என்பது தீர்மானிக்கிறது. ஜூனில் நடந்த அடிதடிக்கு ஜூலையில் புகார் வந்தால், பழைய தண்டனைச் சட்டமும் புது நடைமுறையும் ஒரே வழக்கில் சேர்ந்தே வரும். விதியின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் தேதியோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டுப் பதில் எழுதியிருக்கிறார்கள். நம் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கோ-லைவ் தேதி என்று ஒரே ஒரு தேதி மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு பேருக்கு இரண்டு விதி பாரபட்சம் என்கிறீர்கள். மார்ச்சில் விண்ணப்பித்து, கேட்ட காகிதம் அத்தனையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரும் ஜூனில் விண்ணப்பித்தவரும் சமநிலையில் இல்லை. மார்ச்சில் வந்தவரிடம் அலுவலகம் ஒரு பட்டியலைக் கொடுத்து, இவ்வளவுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவரை ஜூன் வரிசையின் கடைசியில் நிறுத்தி இன்னும் நாலு காகிதம் கேட்பதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது. அம்பத்தூரில் வீடு வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2011இல் அவருடைய நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் அவருடைய வட்டம் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. 2022இல் அவருடைய காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தின்கீழ் போயிற்று. வீடு நகரவில்லை, வரி, வருவாய், காவல் மூன்றும் மூன்று தேதிகளில் நகர்ந்தன. அந்தந்தத் தேதியில் பாதியில் நின்ற கோப்பு எந்த வழியில் முடியும் என்று எழுத்தில் சொல்லாவிட்டால், அதைத் தேடி மூன்று அலுவலகம் ஏறி இறங்கும் வேலை அவர் தலையில்தான் விழும்.

5. பழையது தவறு என்பதால்தானே மாற்றினோம்?

என் பக்கத்துக்கு மிகக் கடினமான கேள்வி இதுதான். இதற்கும் சாட்சி பூந்தமல்லியிலேயே இருக்கிறது. பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டம் 1995 மே மாதம் காலாவதியானது. காவல் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்த கடுமையான சட்டம் என்று நாடே கண்டித்தபின், நீட்டிக்காமல் விடப்பட்டது. ஆனால் சட்டத்தின் முதல் பிரிவிலேயே, காலாவதியானாலும் ஏற்கெனவே தொடங்கியவை தொடரும் என்று எழுதப்பட்டிருந்தது. எனவே ராஜீவ் காந்தி கொலை வழக்கு பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் தடாவின் வழியிலேயே போயிற்று. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை. மேல்முறையீடும் தடாவின் வழிப்படி, உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தடாக் குற்றமே ஆகாது என்றது. 19 பேர் விடுதலையானார்கள். நால்வருக்கு மரண தண்டனையும் மூவருக்கு ஆயுள் தண்டனையும் நின்றன. ஆனாலும் தடாவின் வழியில் பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றே அந்தத் தீர்ப்பு சொன்னது. செத்துப்போன ஒரு நடைமுறையின் நிழலில் மனிதர்களின் உயிர் ஊசலாடியது.

எனவே “பழையதைப் பழைய வழியிலேயே முடி” என்பதை நான் புனிதமாகச் சொல்லவில்லை. கொடிய வழியைத் தொடரவிட்டால் கொடுமையும் தொடரும். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள், நடப்பு வழக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தங்கள் பதிலை வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். அதனால்தான் அந்தப் பதில் தவறு என்று வாதாடவாவது முடிகிறது. யார் முடிவு, எந்த வரி என்று சுட்டிக்காட்ட முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு நிரல் மொத்தமாக மாற்றிவிட்ட கோப்புக்கு அப்படிச் சுட்ட ஒரு வரியும் இல்லை.

தொழிற்கூடத்துக்கு வந்தால் விடை இன்னும் எளிது. பிரேக் உதிரிபாகத்தில் ஒரு பேட்ச் பழுதாகி, அதனால் புதிதாக ஒரு சோதனை சேர்க்கிறீர்கள் என்றால், நடுவழியில் உள்ள எல்லாப் பேட்சும் அந்தச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. மேலே சொன்ன ஆய்வாளர்களின் சோதனையும் அதைத் தடுக்காது: ஒரு வேலை புதுப் படியை இன்னும் எட்டாமல் இருந்தால், அந்த வேலையைப் புது வரைபடத்துக்கு மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. அந்தப் படியைத் தாண்டிவிட்ட பேட்சுகளைத் திருப்பி அழைக்க வேண்டும். அது ஆணை போட்டு, பொறுப்பாளர் வைத்துச் செய்கிற தனி வேலை. நடப்பு வேலைக்கு மூன்று முடிவுகள்தான் உண்டு: பழையபடி முடியவிடுவது, புதிதுக்கு மாற்றுவது, நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. மூன்றில் எது, எந்த வேலைக்கு, ஏன் என்று கேட்பதற்குப் பதிலாக, மொத்தத்துக்கும் இரண்டாவதைப் போட்டுவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

6. இரண்டு முறை ஓட்டினால் செலவாகாதா?

ஆகும். ஓட்டாவிட்டால் எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது கலால் வரியும் வாட்டும் அதில் கரைந்துபோயின. பழைய வழி நின்றுவிட்டதால், கையிலிருந்த வரிக் கிரெடிட்டைப் புதிதுக்கு மாற்றியே ஆக வேண்டும். அதற்கு டிரான்-1 என்ற படிவம். சட்டத்தை எழுதியவர்கள் நடுவழியில் நிற்பதைப் பற்றி யோசித்தே இருந்தார்கள். ஜூலை 1க்கு முன் ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வரி கிடையாது என்று 141ஆம் பிரிவு சொன்னது. பழைய சட்டத்தின்கீழ் வரவேண்டிய ரீஃபண்டைப் பழைய சட்டப்படியே தீர்க்கச் சொன்னது 142. பிளேட்டிங் கடையில் கிடந்த பெட்டிகூடச் சட்டத்தில் இடம் பிடித்திருந்தது. கோட்டை விட்டது எங்கே? மாற்றிக்கொண்டு போகும் வழி அடைபட்டால் மாற்று வழி என்ன என்பதில். போர்ட்டலில் படிவத்தை ஏற்ற முடியாமல் தவித்தவர்களுக்குக் கடைசித் தேதி 2017 டிசம்பர் 27 அன்று முடிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று நிரூபிப்பவர்களுக்குத் தனி அவகாசம், அதற்கு நீட்டிப்பு, அந்தக் கதவும் மூடியபின் உயர் நீதிமன்றங்களில் வழக்குக்கு மேல் வழக்கு. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஆணையிட்டு, 2022 அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை போர்ட்டல் மறுபடி திறந்தது. ஒரு படிவத்துக்காக ஐந்து வருடம். சிறு தொழிற்கூடத்துக்கு அந்த கிரெடிட்தான் அடுத்த மாதத்துக் கம்பி வாங்கும் பணம். அது ஐந்து வருடம் முடங்கிக் கிடந்ததற்கான வட்டியை எந்த மென்பொருள் நிறுவனத்தின் செலவு மதிப்பீட்டிலும் நான் கண்டதில்லை.

மறுபக்கம் ஆவடியைப் பாருங்கள். 2021 அக்டோபர் 1 அன்று ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்டு அதன் 41 ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகின. ஆவடியின் கனரக வாகன ஆலையும் எஞ்சின் ஆலையும் ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் நிகாமுக்குப் போயின. பக்கத்திலிருக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. அந்த மாற்றமே தேவையா என்று தொழிற்சங்கங்கள் போராடின. அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை என்பதே என் எண்ணம். அது தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது, நடுவழியில் இருந்தவற்றுக்கு என்ன செய்தார்கள் என்பது. செப்டம்பர் 23 அன்றுதான் பாதுகாப்பு அமைச்சகம் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டரை ஆவடி ஆலைக்குக் கொடுத்திருந்தது. எட்டே நாளில் ஆலையின் சட்ட வடிவமே மாறியது. அதற்காக அந்த ஆர்டரை ரத்து செய்து, புது நிறுவனம் புதிதாக டெண்டர் போடட்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிலுவையில் இருந்த ராணுவ இண்டெண்டுகள் (கொள்முதல் கோரிக்கைகள்) புது நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்களாகவே கருதப்படும் என்று அறிவித்தார்கள். அவற்றின் மதிப்பு 65,000 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளர்கள் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுவார்கள், மத்திய அரசு ஊழியருக்கான பணி நிபந்தனைகள் தொடரும் என்றார்கள். இரண்டு பதிப்புகளும் ஒரே கூரையின்கீழ் ஓடின. டாங்கித் தொழிற்சாலையில் முடிந்தது எஸ்டேட்டில் முடியாது என்றால், அது செலவின் பிரச்சினை இல்லை, யோசிக்காததன் பிரச்சினை.

7. ஊழியர்கள் குழம்ப மாட்டார்களா? பழையது என்றைக்குத்தான் போகும்?

குழப்பம் வருவது இரண்டு வழி இருப்பதால் இல்லை. எந்த வேலை எந்த வழியில் போகிறது என்று திரை சொல்லாததால். சலான் எண்ணைத் தட்டியதும் “இது பழைய முறை, அடுத்தது ரேட் ஒப்புதல்” என்று வந்தால் ஸ்டோர்ஸில் யாரும் குழம்பப் போவதில்லை. பழைய முறை போகாது என்ற பயத்துக்கும் மருந்து உண்டு: பழைய பதிப்பில் புதிதாக எந்த வேலையும் தொடங்கக் கூடாது. அந்தக் கதவை மூடிவிட்டால் உள்ளே இருப்பது குறைந்துகொண்டேதான் வரும். மிச்சம் எத்தனை என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள். சில வாரம் கழித்து எஞ்சும் பத்துப் பதினைந்தை ஒவ்வொன்றாக எடுத்து, தீர்த்துவைக்க ஒருவரை உட்கார வையுங்கள். தணிக்கை அதிகாரிக்கும் இதுதான் வசதி. எந்த வேலை எந்த விதியின்கீழ் நடந்தது என்று பதிவிலேயே இருக்கும். புள்ளி வைத்த பதிவைப் பார்த்து அவர் என்ன முடிவுக்கு வர முடியும்?

ஆகவே கோ-லைவ் கூட்டத்தில் தேதி குறிப்பதற்கு முன் நான் கேட்பது ஒரு பட்டியல். அன்றைக்குத் திறந்திருக்கும் ஒவ்வொரு சலான், ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டர், ஒவ்வொரு விண்ணப்பம், அது எந்தப் படியில் நிற்கிறது, பழையபடி முடியுமா, மாறுமா, நிறுத்தப்படுமா, மாறினால் புதிதில் எந்த இடம், முடிவெடுத்தவர் யார். ஆயிரக்கணக்கில் இருந்தால் வகைவாரியாகப் போடலாம். மேலே பார்த்த ஜாப் ஒர்க்குக்கு நாலே வகைதான் வந்தது. கையெழுத்து மென்பொருள்காரருடையதாக இருக்கக் கூடாது. ஸ்டோர்ஸ், தரம், கொள்முதல் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் போட வேண்டும், அரசு அலுவலகமானால் கோப்புக்குப் பொறுப்பான அதிகாரி போட வேண்டும். பட்டியலை எடுக்கவே முடியவில்லை, என்னென்ன நடுவழியில் நிற்கிறது என்றே தெரியவில்லை என்று பதில் வந்தால், தேதியைத் தள்ளிவையுங்கள்.